ஆய்வகம் மூன்று சார்

அவளை எல்லோரும் உப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகத்தில் உப்பு மேடம், தம்பிக்கு உப்பக்கா, அம்மாவுக்கு மட்டும் வெறும் ‘ஏய்’. கடலோரக் கிணறுகளில் உப்பு எவ்வளவு தூரம் உள்ளே ஏறியிருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. முனைவர் பட்டம் ஒரு நாட்டில் வாங்கினாள். பிறகு இன்னொரு நாட்டில் ஒப்பந்த வேலை, அது முடிந்ததும் மற்றொரு நாட்டில் ஒப்பந்த வேலை, அப்புறம் மறுபடியும் ஒப்பந்த வேலை. பெட்டியை முழுசாகப் பிரிக்காமலே குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டவள். “அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதையா போச்சுடி உன் கதை” என்று அம்மா போனில் புலம்புவாள். கைவிடுவதற்குப் புருஷன் என்று ஒருவன் அமையவே இல்லை என்பதை வசதியாக மறந்துவிடுவாள்.

ஆராய்ச்சியாளர் என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. உள்ளே வந்து பார்த்தால் வாடகை வீட்டுக்காரன் நிலைமைதான். ஒப்பந்தம் முடிகிற வருஷம் வந்துவிட்டால் படித்த படிப்பெல்லாம் மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அவளுக்கு அந்த வருஷம் வந்திருந்தது. வயது நாற்பதைத் தாண்டியாயிற்று. இன்னொரு ஊருக்குப் போய் அ, ஆவிலிருந்து ஆரம்பிக்க உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை. “திட்டம் நீட்டிப்பு ஆச்சுன்னா உனக்கு நிரந்தர வேலை, அது என் பொறுப்பு” என்று துறைத்தலைவி வாக்குக் கொடுத்திருந்தாள். ஆகாவிட்டால் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

அந்தத் திட்டம் மூன்று நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கூட்டாகச் செய்வது. செவ்வாய்க்கிழமை காலையில் எல்லோரும் கணினித் திரையில் கூடுவார்கள். திரை முழுக்கச் சின்னச் சின்னச் சதுரங்கள், சதுரத்துக்கு ஒரு முகம். தூர தேசத்துப் பேராசிரியர் ஒருவர் தலைமை தாங்குவார். அவருக்குப் பெரியவர் என்று பெயர். எந்த விஷயமானாலும் கடைசியில் “ஆட்சேபம் உண்டா?” என்று கேட்பார். ஒவ்வொருவரும் கட்டைவிரல் படத்தை அமுக்க வேண்டும். எல்லா விரலும் எழுந்தால்தான் தீர்மானம். ஒரு விரல் எழாவிட்டாலும் விஷயம் கிடப்பில் போய்விடும்.

அந்தச் சதுரங்களில் ஒன்று எப்போதும் கறுப்பு. முகம் கிடையாது, குரல் கிடையாது. அடியில் ‘ஆய்வகம்-3’ என்று மட்டும் எழுதியிருக்கும். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அது அங்கே இருந்தது. கூட்டம் ஆரம்பித்ததும் பெரியவர் முதல் வேலையாக அந்தக் கறுப்பைப் பார்த்து “வணக்கம் சார்” என்பார். உடனே மற்றவர்களும் பயபக்தியோடு வணக்கம் வைப்பார்கள். எல்லா விரலும் எழுந்த பிறகு, நிதானமாக, கடைசியாக அந்த விரல் எழும். “நன்றி சார்” என்று பெரியவர் மூச்சு விடுவார்.

ஒரு தடவை அந்தச் சதுரத்தின் மைக் தானாகத் திறந்துகொண்டது. யாரோ நீளமாக மூச்சை இழுத்து, பாதியில் நிறுத்திய சத்தம். அவ்வளவுதான், மூடிக்கொண்டது. பெரியவர் அன்றைக்குப் படித்துக்கொண்டிருந்த பகுதியையே ரத்து செய்துவிட்டு வேறு மாதிரி எழுதிவந்தார். சாருக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அவளுக்கு மட்டும் அது பிடிக்காத மூச்சாகத் தெரியவில்லை. முதுகுத்தண்டில் எறும்பு ஊர்ந்தது போல இருந்தது.

நீட்டிப்பு முடிவாக வேண்டிய நாள் நெருங்கியபோது துறைத்தலைவி அவளைக் கூப்பிட்டாள். “ஆய்வகம் மூன்று சாரைத் தனியா பிடிச்சு ஒரு வார்த்தை பேசி வெச்சிடு. அவர் விரலைத் தூக்கலன்னா எல்லாம் போச்சு.”

“அவர் யாரு மேடம்?”

துறைத்தலைவி முகத்தில் ஒரு சங்கடம். “பெரியவரோட ஆளுன்னு நினைக்கிறேன்.”

பெரியவரின் உதவியாளரிடம் மெதுவாக விசாரித்தாள். “என்ன மேடம், உங்க பல்கலைக்கழகத்து ஆள் இல்லையா அவர்?” என்றான் அவன். மூன்றாவது நாட்டுப் பல்கலைக்கழகத்துக்காரரோ குரலைத் தாழ்த்தி, “பணம் குடுக்கிற நிறுவனம் நம்மளைக் கவனிக்க அனுப்பின ஆளு. கூட்டத்துல கிளறிடாதீங்க” என்று எச்சரித்தார். வருஷாந்தர அறிக்கையில் அவரை ‘மூத்த ஆலோசகர்’ என்று போட்டிருந்தார்கள். அந்த அறிக்கையைப் படித்த பணம் கொடுக்கும் நிறுவனமும் அவரைப் பெரிய புள்ளி என்று நம்பிக்கொண்டிருந்தது. ‘யார் நீங்கள்?’ என்று கேட்டால், இவ்வளவு நாள் தெரியாமலா வணக்கம் வைத்தாய் என்று ஆகிவிடும். இவ்வளவு படித்தவர்களில் பூனைக்கு மணி கட்ட ஒருவர் இல்லை.

அவளுடைய கட்டடத்திலேயே கீழ்த்தளத்தின் கோடியில் ஆய்வகம்-3 என்று ஓர் அறை பூட்டிக் கிடந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை கூட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே மடிக்கணினியைக் கையில் ஏந்திக்கொண்டு அங்கே போனாள். காவலாளி முணுமுணுத்துக்கொண்டே திறந்துவிட்டார். உள்ளே உடைந்த நாற்காலிகள், எல்லாம் சுவரைப் பார்த்துத் திரும்பியபடி நின்றன. மேலே விரல் கனத்துக்குத் தூசி. அப்போது அவள் கையிலிருந்த திரையில் பெரியவர் “ஆட்சேபம் உண்டா?” என்றார். ஆய்வகம்-3இன் கட்டைவிரல் மெதுவாக எழுந்தது.

“யாரைத் தேடறீங்க மேடம்?” என்று பின்னாலிருந்து காவலாளி கேட்டார். அவள் பயந்துவிட்டாள். படித்தவள், கிணற்று நீரைத் தவிர வேறெதையும் நம்பாதவள், பட்டப்பகலில் படியேறி ஓடிவந்தாள்.

கணினிப் பிரிவில் இருந்தவர் நல்ல மனுஷன். தேடிப் பார்த்துச் சொன்னார். “இது நம்ம கணக்குதான் மேடம். உங்களுக்கு முன்னாடி உங்க நாற்காலியில இருந்தாரே, ஒப்பந்த ஆராய்ச்சியாளர், அவர் அறைப் பேர்ல ஆரம்பிச்சது. ஒப்பந்தம் முடிஞ்சுது, கணக்கை மூடச் சொல்லி யாரும் எங்களுக்குச் சொல்லல. அப்படியே ஓடிட்டிருக்கு.” அந்த மனிதரின் பெயரும் விலாசமும் அவரிடம் இருந்தன. இதே ஊர்தான். பஸ் மாறிப் போனால் ஊர்க்கோடி.

எழுதிக் கேட்டிருக்கலாம். ஆனால் எதிரே உட்கார்ந்து பார்க்காமல் அவளுக்கு இனித் தூக்கம் வராது. அதனால் மறு செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்குப் போகாமல் அந்த வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தது ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. பஸ் டிப்போவில் டிக்கெட் கவுன்டரில் இருப்பவளாம். வந்தவளின் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சமும் திகைக்கவில்லை.

“நீ உப்பு தானே? வா, உள்ள வா. ஆரம்பிக்கிற நேரமாச்சு.”

யார் சொல்லி அவளுக்குத் தன்னைத் தெரியும்? கேட்பதற்குள் அந்தம்மா உள்ளறைக்கு நடந்துவிட்டாள். சின்ன அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, நாற்காலியின் முதுகில் தேய்த்து மாட்டிய சட்டை. மேஜையில் கணினி விழித்திருந்தது. அந்தம்மா சட்டை கசங்காமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். திரையில் ஒவ்வொரு சதுரமாக முகங்கள் வந்தன. வாரா வாரம் பார்த்த அதே முகங்கள், இந்தப் பக்கத்திலிருந்து பார்க்கும்போது வேறு யாரோ போல இருந்தன. பெரியவர் நேராக இவர்கள் இருவரையும் பார்த்து “வணக்கம் சார்” என்றார்.

“சார் எங்கேம்மா?” என்று கேட்டாள் அவள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

“என் தம்பி போய் ரெண்டு வருஷமாச்சு. நெஞ்சுவலி.” அந்தம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஒப்பந்தம் முடிஞ்சப்புறமும் உட்கார்ந்துட்டு இருந்தான்மா. யாரும் போகச் சொல்லலக்கா, அடுத்தது குடுப்பாங்கன்னான். முகத்தைக் காட்ட வெட்கப்பட்டுக் காமிராவை மூடிட்டான். வேலையில இருந்தப்போ ஒருத்தனும் மதிக்கல, மூடினப்புறம்தான் சார் சாருன்னு மரியாதை. அவன் தவறின வாரம், சேதி சொல்லலாம்னுதான் இதைத் திறந்தேன். எல்லாரும் வணக்கம் சார்ங்கறாங்க. எனக்கு எதை அமுக்கணும்னு தெரியல. எல்லார் சதுரத்துலயும் கட்டைவிரல் வந்துச்சு, அதை அமுக்கினா கூப்பிடுவாங்கன்னு நினைச்சேன். நன்றி சார்னுட்டாங்க.”

அதன்பிறகு அந்தம்மா வார விடுமுறையைச் செவ்வாய்க்கு மாற்றி வாங்கிக்கொண்டாளாம். கிணற்று உப்பைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. எல்லோரும் தூக்கினால் தானும் தூக்குவாள். “உன்னைப் பார்த்துதான்மா தூக்குவேன். நீ தூக்கினா சரியாத்தான் இருக்கும்னு.” ஒருநாள் மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்து, கை எங்கேயோ பட்டு மைக் திறந்துவிட்டதாம்.

திரையில் பெரியவர், “எல்லாரும் வந்தாச்சு, ஆரம்பிக்கலாமா?” என்றார். அவள் சதுரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவளுடைய சதுரம் இல்லை. அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. செத்தவனுக்கு வணக்கம் வைத்தார்கள், உயிரோடு இருப்பவளைத் தேடவில்லை.

கிளம்பும்போது அந்தம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு பண்ணும்மா. அந்தக் கூட்டத்துல ஒருத்தர், அவன் பேரைச் சொல்லி, போயிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிடட்டும். நான் சொன்னா வீட்டுக்காரங்க சொன்னதா ஆகும். அவன்கூட வேலை பார்க்கறவங்க சொல்லணும். சொல்லிட்டா அன்னைக்கே மூடிடறேன். எனக்கும் போதும்.”

“சொல்றேன்” என்றாள் அவள்.

சொல்வது சுலபம். பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. ரெண்டு வருஷத் தீர்மானங்கள் எல்லாம் செத்துப்போனவரின் விரலில் நிற்கின்றன. விஷயம் வெளியே வந்தால் விசாரணை வரும், பணம் கொடுக்கும் நிறுவனம் கையை உதறும், திட்டம் மூடப்படும். அத்தோடு அவள் வேலையும். அந்த வாரம் வீட்டுக்குப் போன் பேசினாள். “என்னக்கா, பேய் பிடிச்ச மாதிரி பேசறே?” என்றான் தம்பி. “ஒண்ணுமில்லடா, வேலைப்பளு” என்றாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நீட்டிப்புத் தீர்மானத்தைப் பெரியவர் நிறுத்தி நிதானமாகப் படித்தார். “ஆட்சேபம் உண்டா?” விரல்கள் எழுந்தன. அவள் எழுப்பவில்லை. கறுப்புச் சதுரமும் எழுப்பவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். “சார்…?” என்றார் பெரியவர். சதுரம் அசையாமல் இருந்தது. மற்றவர்களுக்கு அது வெறும் கறுப்பு. அதற்குப் பின்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் முகம் அவளுக்கு மட்டும் தெரிந்தது. போனால் போகட்டும் என்று துணிந்தாள். ஒரு மூச்சில் சொன்னாள். அவர் பெயரைச் சொன்னாள். இந்த நாற்காலியில் எனக்கு முன்னால் இருந்தவர் என்றாள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் இறந்துவிட்டார், நம்மில் யாரும் கேட்கவே இல்லை என்றாள். சொல்லி முடித்தபோது கண்ணில் நீர் கோத்திருந்தது.

யார் முகமும் மாறவில்லை. அதிர்ச்சியில் உறைந்துவிட்டார்கள் என்று நினைத்தாள்.

“மேடம்,” என்றார் பெரியவர், “வாய் அசையுது, சத்தம் வரல. மைக்கைப் போடுங்க.”

மைக்கைப் போட்டாள். “இப்ப கேக்குதா?”

“நல்லா கேக்குது. சொல்லுங்க.”

திரை முழுக்க முகங்கள் அவளையே பார்த்தன. முதல் தடவை இருந்த துணிச்சலைத் தேடினாள். அது செலவாகிவிட்டிருந்தது. அப்போதுதான் கதவோரத்தில் வந்து நின்ற துறைத்தலைவி, சீக்கிரம் என்று கையை அசைத்தாள்.

“ஒண்ணுமில்ல ஐயா,” என்றாள் அவள். “எனக்கு ஆட்சேபம் இல்ல.” விரலை எழுப்பினாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கறுப்புச் சதுரத்திலும் விரல் எழுந்தது. “அப்பாடா! நன்றி சார்” என்றார் பெரியவர். எல்லோரும் கைதட்டினார்கள். துறைத்தலைவி ஓடிவந்து கட்டிக்கொண்டாள். தம்பி போனில் “உப்பக்கா பர்மனென்ட்!” என்று கத்தினான். அம்மா அழுதாள். இவளும் அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் அந்தம்மாவிடமிருந்து போன் வந்தது. கோபமாகப் பேசியிருந்தால் தாங்கியிருப்பாள்.

“முதல் தடவை சொல்லிட்டே இல்ல? வாய் அசைஞ்சதைப் பார்த்தேன்மா. அவன் பேரு உன் வாயில தெரிஞ்சுது. பரவாயில்லம்மா. இப்பதான் வேலை நிலைச்சிருக்கு. அடுத்த செவ்வாய்க்கிழமை சொல்லிக்கலாம். நான் உட்கார்ந்திருக்கேன்.”

சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்தாள். வேலை நிரந்தரம். ஓய்வு பெறும் வரைக்கும் இனி அவளுக்குச் செவ்வாய்க்கிழமைகளுக்குப் பஞ்சமில்லை.