காதுக்காரி

அட்டைப்பெட்டி ஆலையில் பெட்டி மடிக்கிற அக்காவுக்குக் காதுக்காரி என்று பட்டப்பெயர். மெஷின் லேசாக முனகினாலே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவாள். பழைய மேனேஜர் உடனே நிறுத்திப் பார்ப்பார். பதினெட்டு வருஷத்தில் ஒரு மெஷின்கூட உடைந்ததில்லை. புதிதாக வந்த மேனேஜரிடம் ஒரு சத்தத்தைப் பற்றிச் சொன்னாள். அவன் எல்லார் முன்னாலும், "பெட்டி மடிக்கிறவளுக்கு மெஷின் பேச்சு எதுக்கு? உன் வேலையைப் பாரு!" என்று எரிந்து விழுந்தான். அன்றோடு மெஷினைப் பற்றிச் சொல்வதை அவள் விட்டுவிட்டாள்.

மூன்றாம் வாரம் மெஷின் நறநறவென்று அரைத்தது. நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே மடித்தாள். சாயங்காலம் தண்டு முறிந்து ஆலையே நின்றது.

"உனக்குக் காது கேக்கலையா?" என்று கத்தினான்.

"கேட்டுச்சு சார். என் வேலையைத்தான் பார்த்தேன்."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே நடந்தாள். மெஷின் போனால் போகட்டும். அது கதறக் கதறச் சும்மா இருக்கிறவளாக அவளையும் ஆக்கிவிட்டானே, பாவி!