ட்ரம்பெட்டுக்கு அளவெடுத்த பல்

தையல்காரரிடம் அளவு ஜாக்கெட்டைக் கொடுப்பதுபோல, ட்ரம்பெட்டின் மவுத் பீஸைக் கழற்றி வந்து மேசைமேல் வைத்தார் பிச்சைமுத்து. உதட்டில் பொருத்தி ஊதும் பித்தளைக் கிண்ணி அது.

"இதுக்குத் தோதா பல்லு கட்டுங்கம்மா."

கள்ளக்குறிச்சியில் பல் வைத்தியம் பார்க்கும் பாரதி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சிரிக்கவில்லை. எலவனாசூர்கோட்டை பேண்டு செட்டில் மீசை முளைத்த நாள்முதல் ஊதுகிறவருக்கு முன்பல் போய்விட்டது. ஊத வராவிட்டால் கிலுகிலுப்பை ஆட்டத்தான் இடமுண்டு என்று செட்டு நடத்தும் ராஜாங்கம் சொல்லிவிட்டார்.

ஊசி போட்டுத் தற்காலிகப் பல்லை ஒட்டி முடித்ததும் பிச்சைமுத்து கிண்ணியை ஊதிப் பார்த்தார். காற்றும் எச்சிலும் வந்தன. ஓசை வரவில்லை.

"மரத்துப்போயிருக்குங்க ஐயா. வெளிய உக்காருங்க, உதடு திரும்பி வந்துடும்."

"சத்தம்?"

"அதுக்கு நான் பொறுப்பில்லைங்க."

பெஞ்சில் மனைவி இருசம்மாள் அவர் வாயைத் துடைத்துவிட்டாள். உதடு எங்கே போயிற்றென்று தெரியாமல் அவர் கண்ணை மூடினார். மின்விசிறிக் காற்றில் மூன்று ட்ரம்பெட்டுகள் மெல்ல மிதந்து வந்தன.

முதலாவது, பழைய பித்தளைக் கடையில் எடைக்கு வாங்கிய நசுங்கல். அதை ஊதினால் கன்று கூப்பிடுகிறதென்று நைனார்பாளையத்து எருமைகள் கயிற்றை அறுத்துக்கொண்டு பந்தலுக்கு வந்துவிடும். பால் கறக்கச் சொம்போடு எருமைக்காரர்கள் ஊர்வலத்துக்குப் பின்னால் நடப்பார்கள்.

இரண்டாவது கல்வராயன் மலைத் திருவிழாவுக்குப் போனது. விடியலில் ஊதியபோது மூடுபனி குழாய்க்குள் இறங்கிச் சுருண்டு படுத்துக்கொண்டது. சித்திரை வெயிலில் களமருதூர் மாப்பிள்ளை அழைப்பில்தான் வெளியே வந்தது. பெண் வீட்டார் போர்வை கேட்டார்கள். வெண்மைக்குள் எங்கோ மாப்பிள்ளையின் கார் ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று.

மூன்றாவது வெள்ளிப் பூச்சு. இருசம்மாளின் ஆட்டை விற்று வாங்கியது. தழையைக் காட்டினால்தான் மேல்சுருதி பிடிக்கும்.

குழாய்கள் மாறினாலும் மவுத் பீஸ் முதலாவதினுடையதுதான். இப்போது உள்ளங்கையில் வெதுவெதுப்பாகக் கிடந்தது.

"இன்னாய்யா, தூங்கிக்கினே சிரிக்கிற?"

"ஆடு கத்துச்சு."

"எச்சி ஒழுவல பாரு. ஊது."

"வராட்டி?"

"வராட்டி எனக்கும் ஒரு கிலுகிலுப்ப வாங்கிக் குடு, கூட வரேன். ஊதுய்யா."

அவர் கிண்ணியை உதட்டில் வைத்தார். புதுப்பல் அந்நியமாக இடித்தது. காற்று வந்தது. மறுபடியும் காற்று. பிறகு உதடு தன் இடத்தைக் கண்டுகொண்டது. வாத்து கத்துவதுபோல் ஓர் ஒலி எழுந்தது. கன்னத்தைப் பிடித்தபடி காத்திருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். பாரதி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இதாங்களா சத்தம்?"

"இதாம்மா. குழாய்ல சொருவுனா பாட்டாயிடும்."

ஒலியை மேலே மேலே ஏற்றிக்கொண்டு போனார். பழைய உச்சிக்குச் சற்றுக் கீழே அது வழுக்கியது. இன்னொரு முறை ஏறினார்; அங்கேயே வழுக்கியது.

"ராஜாங்கத்துக்கு போன் போடு," என்றார் மனைவியிடம். "வந்துடறேன்னு சொல்லு. உச்சியில ஏறுற பாட்டு மட்டும் கொஞ்ச நாளைக்கு வாணாம்."