ஆர்லிஸின் கிழ ஆடுகள்

அமெரிக்காவின் டகோட்டாவில் எங்கள் பக்கத்துச் சாலையில் எதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்க வேண்டும். அதுதான் வணக்கம். 2020 கோடையில் ஆர்லிஸ் பியர்கி அந்த விரலைப் பக்கத்துப் பண்ணை லோவல் ஹாகனுக்கு மட்டும் தூக்காமல் விட்டாள்.

நான் தீவனக் கடை லாரி ஓட்டுகிறவன். இரண்டு வீட்டுக்கும் மூட்டை இறக்குவேன். அதிகம் பேச மாட்டேன்; பேசாதவனிடம் ஆட்கள் நிறையச் சொல்வார்கள்.

அரசாங்கத்தின் கொரோனா நிவாரணப் பணம் வந்த கோடை அது. லோவலின் மாடுகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று அள்ளிக் கொடுத்தார்கள். ஆர்லிஸிடம் இருந்தவை செம்மறிகள். இரண்டு வயதைத் தாண்டிய ஆடு கணக்கில் வராது என்று விவசாய ஆபீஸில் போனிலேயே சொல்லிவிட்டார்கள். அவள் மந்தையில் முக்கால்வாசி பல் தேய்ந்த தாயாடுகள். புருஷன் செத்த பிறகு அவளைச் சாயாமல் நிறுத்தி வைத்தவை.

“கொரோனா கிழங்களைத்தான் முதல்ல தூக்குதுங்கிறாங்க. காசு மட்டும் குட்டிகளுக்காம்,” என்றாள் என்னிடம். சிரிக்கலாமா என்று தெரியாமல் மூட்டையைப் பார்த்தேன்.

வந்த பணத்தில் அவளுக்கு வேலிக் கம்பி இரண்டு சுருள் கிடைத்தது. லோவல் சிவப்புத் தகரத்தில் ஒரு பெரிய கொட்டகை எழுப்பினான். அது அவள் பாத்திரம் கழுவும் இடத்து ஜன்னலுக்கு நேரே நின்றது. அந்த ஜன்னலுக்கு முதல் முறையாகத் திரை போட்டாள். நான் போகும்போதெல்லாம் திரையின் ஒரு மூலை மட்டும் அழுக்கேறிக்கொண்டே வந்தது.

இன்னொரு தவணை வரும் என்று பேச்சு கிளம்பியது. இந்த முறை சரியான பக்கம் நிற்க வேண்டும், ஆடுகளை விற்றுக் கன்றுகள் வாங்க வேண்டும் என்று முடிவு செய்தாள்.

ஏலக் கூடத்தில் அவள் ஆடுகள் உள்ளே வந்தபோது விலை ஏறவே இல்லை. பின்வரிசையிலிருந்து லோவல் ஒரு விரலைத் தூக்கினான். வழக்கம்போல வணக்கம் வைக்கிறான் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுத்தியல் விழுந்தது. மந்தை மொத்தமும் அவனுக்கு.

அடுத்த வருஷம் மழை பொய்த்தது. தீவனம் கட்டுப்படியாகாமல் கன்றுகளை வந்த விலைக்குத் தள்ளினாள். எதிர்பார்த்த தவணையும் வரவில்லை. ஆட்டுக்கறி விலையோ யாரும் நினைத்துப் பார்க்காத உயரத்துக்குப் போனது. தான் வளர்த்த ஆடுகள் மேலேயே அவளுக்குப் பொறாமை வந்தது. “அந்தக் கறுப்பு மூஞ்சிக்காரியைப் பாரு, எப்படிக் கொழுத்துட்டா,” என்பாள், கோபித்துக்கொண்டு தனிக்குடித்தனம் போன மருமகளைச் சொல்வதுபோல.

நான் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் லோவல் வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஆடுகள் பொழுது சாய்ந்தும் கொட்டகைக்குள் வர மறுப்பதையும் நரி இரண்டைத் தூக்கிப் போனதையும் சொன்னான்.

“நீ எப்படிக் கூப்பிடுவ ஆர்லிஸ்? கொஞ்சம் சொல்லிக் கொடேன்.”

“ஆபீஸ்ல கேளு. அதுக்கும் ஏதாவது நிவாரணம் வெச்சிருப்பாங்க.”

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டான். “நான் வாங்கலைன்னா அன்னிக்கே அதுங்க கறிக்குப் போயிருக்கும்,” என்றான். வண்டியைத் திருப்பும்போது விரலைத் தூக்கினான். அவள் கை அசையவில்லை.

வெயில் கொட்டகைக்குப் பின்னால் இறங்கியதும் அவள் லோவலின் நிலத்தை ஒட்டிய வேலியருகே போய், அடித்தொண்டையிலிருந்து நீளமாக ஒரு குரல் கொடுத்தாள். மேய்ச்சல் நிலம் முழுக்கத் தலைகள் நிமிர்ந்தன. தீவன வாளியோடு நின்ற லோவலைத் தாண்டி அத்தனையும் அவளிடம் ஓடி வந்தன, குட்டிகள் பின்னாலேயே.

கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை. கம்பி வழியாகக் கையை விட்டு ஒரு கிழ ஆட்டின் நெற்றியைச் சொறிந்தாள். தூரத்தில் லோவல் காத்திருந்தான். கையை அடுத்த ஆட்டுக்கு நகர்த்தினாள், அவசரமே இல்லாமல்.