பூ வைத்த மண்மேடு

பெரகல சந்திக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில் வெள்ளைக்காரத் துரைமாரின் கல்லறைகளைப் பராமரிப்பது செவனுவின் வேலை. இத்தனை வருடத்தில் ஒரு கல்லிலும் அவர் பாசி படிய விட்டதில்லை.

போன மாசியில் ஒரு துரையின் பேத்தி சீமையிலிருந்து வந்தாள். பளிச்சென்றிருந்த கல்லைத் தடவி அழுதவள், செவனுவின் அப்பாவை எங்கே புதைத்திருக்கிறது என்று வழிகாட்டி மூலம் கேட்டாள். அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்குக் கீழே இருக்கும் புதைகாட்டை அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. தெரியாது என்று சொல்ல நா எழவில்லை. அவளை அங்கே கூட்டிப்போய் ஏதோ ஒரு மண்மேட்டைக் காட்டினார். அவள் தன் பூக்கொத்தில் பாதியைப் பிரித்து அதில் வைத்துத் தலைகுனிந்து நின்றாள். செவனுவும் கும்பிட்டார்.

மறுநாள் லயத்தில் குடியிருக்கும் அங்கம்மா அவரை வழிமறித்தாள்.

"ஏப்பா செவனு, எங்காத்தா குழியில பூ வச்சது நீதானாமே? பெத்த மகன் எந்தம்பிக்கே அந்த நெனப்பு இல்ல. நீ நல்லா இருக்கணும்ப்பா."

செவனு தலை நிமிரவில்லை.

"அது ஒங்காத்தான்னு எனக்குத் தெரியாதுக்கா. எங்கப்பான்னு பொய் சொல்லிட்டேன்."

அங்கம்மா கொழுந்துக் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சா காட்டுங்கக்கா," என்றார் செவனு, "எங்கப்பா எங்க இருக்காரு?"