அண்ணியின் வாராந்திரக் கார்டு

எட்டாவது பெயிலான எனக்கு வீட்டில் கிடைத்த ஒரே உத்தியோகம், அண்ணிக்காக வாரம் ஒரு கார்டு எழுதுவது. அவளுக்கு விரல்கள் மரத்துப் பேனா நிற்காது. அண்ணனுக்கு மதகடிப்பட்டு முனையில் மளிகைக் கடை. காலையில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார்.

அண்ணிக்கு வந்தது நரம்பின் மேலுறை கெட்டுப்போகும் நோய். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று பாண்டியில் ஒரு டாக்டரம்மா சொன்னார். முழுக்கக் குணமாகாது, ஆனால் உடம்பின் போக்கைத் தெரிந்து நடந்துகொண்டால் சமாளிக்கலாம் என்றார். வாராவாரம் பஸ்ஸில் வந்தால் அந்த அலைச்சலே படுக்க வைத்துவிடும் என்பதால், தன் விலாசம் எழுதிய தபால் கார்டுகளை ஒரு கட்டாகக் கொடுத்தனுப்பினார். நடந்தது, விழுந்தது, களைத்தது எல்லாம் எழுத வேண்டும். அவர் பதில் எழுதுவார்.

அண்ணி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முதல் வரி எப்போதும் 'நலம், நலமறிய ஆவல்'. கடிதம் என்றால் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பாள். அதற்குக் கீழே, தெருமுனை வரை நடந்ததும் நன்றாகத் தூங்கியதும். விழுந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அடுப்பங்கரையில் அம்மா காது கொடுத்துக்கொண்டிருப்பாள். இன்னும் முடியாமல் போனால் மருமகளைக் கரியமாணிக்கத்தில் தாய்வீட்டில் விட்டுவிடலாம் என்று அம்மா இரண்டு முறை சொல்லியிருந்தாள். விழுவது வீட்டில் தெரிந்ததுதான், ஆனால் அது டாக்டரம்மா எழுத்தில் வந்துவிட்டால் அம்மா அனுப்பிவிடுவாள், போனால் திரும்பக் கூப்பிட ஆள் வராது என்று அண்ணிக்குப் பயம்.

டாக்டரம்மாவும் நம்பிவிட்டார். சந்தோஷம், இன்னும் கொஞ்ச தூரம் நடங்கள் என்று பதில் வந்தது. அண்ணி நடந்தாள். நடந்த இடத்திலெல்லாம் விழுந்தாள்.

அப்போது நான் செய்த காரியம் நல்ல எண்ணத்தில் செய்ததல்ல. அவள் விழுகிற நாளெல்லாம் காலண்டரில் கரித்துண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டு, சடுகுடு ஆட்டம் போல 'அவுட்' என்று அறிவிப்பேன். அவளும் விடமாட்டாள்.

"எட்டாவதுல நீ மூணு வாட்டி அவுட்டு. அதையும் சேத்துப் போடு கொழுந்தனாரே."

வாராவாரம் அதே வரிகள் போகவே, டாக்டரம்மாவிடமிருந்து கொஞ்சம் கடுப்பாக ஒரு கார்டு வந்தது. நலம் என்பதைத் தவிர வேறு ஏதாவது எழுதச் சொல்லியிருந்தார். அண்ணி மறுபடியும் நலம் என்றே எழுதச் சொன்னாள். எழுதினேன். அதன் கீழே, அவளுக்குச் சொல்லாமல், பெருக்கல் குறி போட்ட தேதிகளைப் பொடி எழுத்தில் இறக்கினேன். அப்போதுதான் கவனித்தேன். அநேகமாக எல்லாமே செவ்வாயும் வெள்ளியும்.

இரண்டும் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாள். மருமகள் கால் தேறட்டும் என்று அம்மா அண்டா நிறைய வெந்நீர் காய்ச்சி, ஆவி பறக்கத் தானே ஊற்றுவாள்.

நாலாம் நாள் பதில் வந்தது. நான்தான் உரக்கப் படித்தேன். இந்த நோய்க்குச் சூடு ஆகாது. வெந்நீரில் குளித்தால் அடுத்த சில மணி நேரம் கால் துவளும். சாதாரணத் தண்ணீர் போதும். உச்சி வெயில் நேரத்தில் அடுப்படியில் நிற்கக் கூடாது. களைப்பு வருவதற்கு முன்பே உட்கார வேண்டும்.

"உழுந்ததெல்லாம் எழுதிட்டியா?" என்றாள் அண்ணி.

"தேதிதான் எழுதனேன். உழுந்தது நீங்க."

அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். "அப்ப நான் ஊத்துன வெந்நீர்லதான் அவ உழுந்துகினு இருந்தாளா?"



அதற்குப் பிறகு கிணற்றுத் தண்ணீர்தான். காலையில் அண்ணி முக்காலியில் உட்கார்ந்து காய் நறுக்குவாள். மதியச் சமையல் அம்மாவுடையது. விழுவது குறைந்தது, நிற்கவில்லை. கார்டில் முதலில் விழுந்ததை எழுதினோம், நலத்தைக் கடைசிக்குத் தள்ளினோம். ஒருமுறை அவள் வலது கண் மங்கியபோது வாரம் முடியக் காத்திராமல் அன்றே எழுதினோம். உடனே வரச் சொல்லிப் பதில் வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பிய அன்று அவள் அண்ணன் கரியமாணிக்கத்திலிருந்து மாட்டு வண்டியோடு வந்திருந்தார். வண்டியில் மெத்தை விரித்திருந்தது. அண்ணி அதைப் பார்த்தாள்.

"கண்ணு தெளியற வரைக்கும் எங்க வூட்ல இருக்கட்டும் அத்தை," என்றார் அவர்.

அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள்.

"இன்னாத்துக்குபா? அவளுக்கு எந்தத் தண்ணி ஆவும், எப்ப உக்காரணும்னு எனக்குத்தான் தெரியும். நீ குடிச்சிட்டுக் கிளம்பு."

அவர் குடித்துவிட்டுக் கிளம்பினார். வண்டி காலியாகப் போகிறதே என்று என் அண்ணன் கடை வரைக்கும் நான் அந்த மெத்தையில் படுத்துக்கொண்டு போனேன்.