நாங்கள் சுத்தம் செய்த கரை

பள்ளிக்கூடத்துச் சேவைக் கழகத்துக்கு என்னைத் தலைவியாக்கியது என் சேவை மனப்பான்மைக்காக அல்ல. எனக்குத் தொண்டை பெரிது. ஒரு பரிசளிப்பு விழாவில் மின்சாரம் நின்று ஒலிவாங்கி செத்துப்போனபோது, கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி வரவேற்புரையைக் கத்தி முடித்தேன். அடுத்த வாரமே கழகப் பொறுப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளைக்குத் தலைமைத்துவம் இருக்கு" என்றார். அன்றிலிருந்து எனக்குத் தலைமைத்துவம் இருந்தது.

அப்போது நான் கிளிநொச்சியில் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கழகத்தில் முப்பது பேர். எல்லோருக்கும் நெஞ்சில் குத்த ஒரு சின்னம், நிர்வாகத்தில் இருந்த எங்களுக்கு மட்டும் தோளில் குறுக்கே போட நீலப் பட்டி. கூட்டம் தொடங்குமுன் வலது கையை நீட்டி, பிறருக்காக வாழ்வோம் என்று உறுதியெடுப்போம். பிறகு அடுத்த கூட்டம் எப்போது என்று பேசிக் கலைவோம். இடையிடையே ஏதாவது ஆரம்பப் பாடசாலைக்குப் போய்க் கொப்பி கொடுப்போம். ஒரு கொப்பியை ஆறு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு கமராவைப் பார்ப்பது லேசான வேலை அல்ல. வாங்குகிற பிள்ளை அவசரப்பட்டு இழுத்துவிடும். இன்னொரு தரம் கொடுக்க வேண்டிவரும்.

மாவட்டக் கழகங்களுக்குள் போட்டி வரப்போகிறது, சூழல் சம்பந்தமாக ஒரு பெரிய வேலை செய்ய வேண்டும் என்று பொறுப்பாசிரியர், எங்கள் சேர், ஒருநாள் அறிவித்தார். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, எங்கள் சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இருக்கிற வாய்க்காலைத் துப்புரவாக்கலாம் என்றாள். அந்த வாய்க்காலின் நாற்றத்துக்குப் பயந்துதான் அந்தப் பக்கத்து இரண்டு வகுப்புகளின் ஜன்னல்களை யாரும் திறப்பதில்லை.

சேர் சிரித்தார். "வாய்க்காலுக்கை நிண்டு படம் எடுத்தால் வடிவாயிருக்குமோ?"

எல்லோரும் சிரித்தோம். நான்தான் கூடச் சிரித்தேன். தொண்டை பெரிதல்லவா.

முடிவில் கடல் என்று தீர்மானமானது. முல்லைத்தீவுப் பக்கத்தில் ஒரு மீன்பிடிக் கிராமத்துக் கரையைச் சேரே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பஸ் கிட்டவரை போகும், நிழலுக்குச் சவுக்கு மரங்கள் உண்டு, பின்னால் கடல் நீலமாய் விழும். ஞாயிற்றுக்கிழமை காலை போனால் கரையில் சனம் இருக்காது, வேலை சுகமாய் முடியும் என்றார். ஏன் சனம் இருக்காது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்த ஊர் முழுக்கக் கத்தோலிக்கக் குடும்பங்கள். ஞாயிறு காலை எல்லோரும் பூசைக்குப் போயிருப்பார்கள். ஆட்கள் கோயிலில் இருக்கிற நேரம் பார்த்து அவர்களுடைய இடத்துக்குள் நுழைவதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு. நாங்கள் அதைச் சிரமதானம் என்றோம்.

என்னைக் கேட்டால் எனக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்து வன்னியில் வயலில் இறங்கிய குடும்பம் எங்களுடையது. அதுவரை நான் கடலைப் பார்த்தது மூன்று தரம். ஆனாலும் "எங்கள் கடல், எங்கள் உயிர்" என்ற பதாகை வாசகத்தை எழுதிக் கொடுத்தவள் நான்தான்.

பரந்தனில் திரும்பி முல்லைத்தீவு வீதியில் பஸ் ஓடியது. அந்த வீதியில் எங்கள் ஒவ்வொருவர் வீட்டிலிருந்தும் யாரோ சிலர் யுத்தக் காலத்தில் மூட்டையோடு நடந்து போயிருக்கிறார்கள், திரும்பி வராதவர்களும் உண்டு. நாங்கள் பாட்டுப் போட்டு, இருக்கைகளுக்கு நடுவே ஆடிக்கொண்டு போனோம்.

கரையில் உண்மையாகவே ஒருவரும் இல்லை. படகுகளை மேலே ஏற்றி வைத்திருந்தார்கள். பிரதேச சபையிடம் சேர் கேட்டு ஒழுங்கு செய்த உழவு இயந்திரம் பெட்டியோடு வந்து நின்றது. பதாகையைப் பிடித்து முதலில் படம் எடுத்தோம். பிறகு வெள்ளைக் கையுறைகளை மாட்டிக்கொண்டு படம் எடுத்தோம். பிறகு குப்பை தேடினோம்.

அங்கேதான் சிக்கல். கரையில் குப்பை கொஞ்சமாகத்தான் கிடந்தது. அலை ஒதுக்கிய செருப்புகள், சில ஷொப்பிங் பைகள், கிழிந்த கயிறு. அரை மணித்தியாலத்தில் ஐந்து பை கூட நிரம்பவில்லை. சேர் முகத்தைச் சுளித்தார். "உழவு மிசின் பெட்டி நிரம்போணும் பிள்ளையள், வெறும் பெட்டியோடை படம் எடுக்கேலாது."

அப்போதுதான் உபதலைவன் ஒரு வாடிக்குப் பின்னால் இருந்து கத்தினான். மீனவர்கள் வலையும் சாமானும் வைக்கிற அந்த ஓலைக் கொட்டிலுக்குப் பின்னால், மலைபோலப் பிளாஸ்டிக் போத்தல்கள். கூடவே பழைய எண்ணெய்க் கான்கள். யாரோ எங்களுக்காகவே சேர்த்துக் குவித்து வைத்ததுபோல இருந்தது. எல்லோரும் பாய்ந்தோம்.

நான் ஒரு போத்தலை எடுத்துப் பார்த்தது இப்போதும் நினைவிருக்கிறது. மூடி இறுக்கிப் பூட்டியிருந்தது. கழுத்தில் நைலோன் கயிறு, நல்ல முடிச்சு. அடுத்த போத்தலிலும் அதே அளவுக் கயிறு, அதே முடிச்சு. வயிற்றில் நீல வர்ணத்தில் ஒரு சிலுவைக் குறி. குப்பை இப்படி ஒரே மாதிரி முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்குமா என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை விட்டுவிட்டேன். கயிறுகள் ஒன்றோடொன்று சிக்கிப் பைக்குள் போக மறுத்தன. முதலுதவிப் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவரச் சொன்னேன். கயிறுகளை வெட்டுங்கோ என்று கரை முழுக்கக் கேட்கும்படி கட்டளையிட்டேன். நானும் வெட்டினேன்.

பெட்டி நிரம்பியது. அதன் மேல் ஏறி நின்று எடுத்த படத்தில் என் பல்லெல்லாம் தெரியும். உழவு இயந்திரம் போய்விட்டது.

பூசை முடிந்து சனம் வரத் தொடங்கியபோது நான் உரையாற்றிக்கொண்டிருந்தேன். முதலில் வந்தவள் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கோயிலுக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடு. நேரே வாடிக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்து எங்கள் நடுவில் நின்றாள்.

"எங்கட மிதப்பெல்லாம் எங்கை?"

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவள் இன்னொரு தரம் கேட்டாள். "போத்தல், கான், எல்லாம் கட்டி வைச்சனாங்கள். நண்டு வலைக்கு மிதப்பு. எங்கை அது?"

உபதலைவன் முன்னுக்கு வந்தான். கழகத்தில் நன்றாகப் படிக்கிறவன் அவன். "அக்கா, பிளாஸ்டிக் கடலுக்குள்ளை போறது கூடாது. ஆமையள் அதைத் திண்டு சாகுது" என்று விளக்கத் தொடங்கினான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "தம்பி, ஆமை எங்கட வலைக்கை பட்டால் வலையை அறுத்து விடுற ஆக்கள் நாங்கள். நீர் எத்தினை ஆமை கண்டனீர்?"

அவன் ஒன்றும் கண்டதில்லை. இணையத்தில் கண்டிருந்தான்.

சேர் ஓடிவந்து, தெரியாமல் நடந்த பிழை அம்மா, பிள்ளைகள் நல்ல நோக்கத்தில்தான் செய்தார்கள் என்றார். வேண்டுமானால் கிராமத்துக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழ் தருவோம் என்றும் சொன்னார். இதை நான் கற்பனை செய்யவில்லை. அவர் சொன்னார்.

"சான்றிதழைக் கட்டி வலை போடேலுமோ?" என்றாள் அவள். "நாளைக்கு விடிய வலை போடோணும். இருபது வீட்டு மிதப்பு. இப்ப எடுத்துத் தாங்கோ."

சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். சாப்பாட்டுப் பார்சல்கள் வந்திருந்தன. "தலைவி ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாரும்" என்றார். தலைமைத்துவம் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவளுடைய ஸ்கூட்டியின் பின்னால் ஏறிக்கொண்டு போனேன். குப்பை கொட்டுகிற இடம் உள்ளே பற்றைக் காட்டுக்குள் இருந்தது. உழவு இயந்திரம் பைகளையெல்லாம் ஏற்கனவே கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போயிருந்தது. முழு ஊரின் அழுகலுக்கும் மேலே எங்கள் போத்தல்கள் பரவிக் கிடந்தன. அவள் சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். என் கையுறைகள் முதல் பத்து நிமிடத்திலேயே கிழிந்துபோயின. அவை படத்துக்கென்று வாங்கியவை.

வெயில் உச்சிக்கு வந்தது. குனிந்தபடியே கேட்டாள், "எங்கையிருந்து வந்தனீங்கள்?"

"கிளிநொச்சி."

"உங்கட ஊரிலை குப்பை இல்லையோ?"

"இருக்கு."

"பிறகேன் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?"

 படத்தில் பின்னால் கடல் நீலமாய் விழும் என்பதை அவளிடம் சொல்ல முடியாமல் அடுத்த போத்தலை இழுத்தேன். அவள் ஒரு போத்தலை எடுத்துக் கயிறு வெட்டுப்பட்ட நுனியைப் பார்த்தாள். "இதை ஆர் வெட்டினது?"

"நான்தான் அக்கா."

அவள் அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு அடுத்ததுக்குக் குனிந்தாள். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

நாங்கள் மீட்டது பாதிக்கு மேல் இருக்கும். மிச்சம் உடைந்தோ புதைந்தோ போயிருந்தது. அவள் தன் தம்பிக்குப் போன் பண்ணி லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன உழவு இயந்திரத்தை வரவழைத்து ஏற்றினாள். மறுநாள் அந்த ஊரில் பல வீடுகள் வலை போடவில்லை என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. போத்தல்களுக்குப் புதுக் கயிறு கட்டிக்கொண்டு வீட்டில் இருந்தார்கள்.

நான் கரைக்குத் திரும்பியபோது கழகம் தண்ணீரில் விளையாடிக்கொண்டிருந்தது. சாப்பிட்ட பார்சல் தாள்களைப் போட உழவு இயந்திரம் இல்லாததால், சவுக்கு மரத்தடியில் அடுக்கி வைத்திருந்தார்கள். காற்றுக்குப் பறக்காமல் ஒரு கல்லும் வைத்திருந்தார்கள். சுற்றாடல் உணர்வு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

ஒரு வாரத்துக்குப் பிறகு நான் போட்டி அறிக்கையைப் பார்த்தேன். சேர் எழுதியிருந்தார். முதலாவது செயற்றிட்டம், கரையோரப் பிளாஸ்டிக் அகற்றல். இரண்டாவது செயற்றிட்டம், கடற்றொழில் குடும்பங்களுக்கு மிதப்புகள் மீட்டு வழங்கல். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் செய்த ஒரே மடைத்தனத்திலிருந்து இரண்டு சேவை.

"சேர், நாங்கள்தானே அதைக் கொண்டுபோய்க் கொட்டினனாங்கள்" என்றேன்.

"அதை நான் மறுக்கேல்லையே. மீட்டது உண்மைதானே?" என்றார். "உண்மையைத்தான் எழுதோணும் பிள்ளை. ஆனால் நல்ல பக்கத்தாலை எழுதோணும்."

போட்டி வவுனியாவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. நான் மேடையில் அறிக்கையை வாசிக்க வேண்டும். இரண்டாவது செயற்றிட்டத்துக்கு வந்தபோது தாளை மடித்தேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கத்தரிக்கோலையும் சொன்னேன். பூசை நேரத்தையும், சான்றிதழையும், கல் வைத்த சாப்பாட்டுத் தாள்களையும் சொன்னேன். எங்களுக்குப் பரிசு தரக்கூடாது என்று முடித்தேன்.  சபை எழும்பி என்னை ஏசும் என்று நினைத்தேன். அப்படி ஏசியிருந்தால் எனக்கு அவர்கள்மேல் மரியாதை வந்திருக்கும்.

கைதட்டினார்கள். நடுவர்களில் ஒரு பெரியவர் எழுந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "பிழையை ஒத்துக்கொள்ளுற துணிவுதான் உண்மையான தலைமைத்துவம்" என்றார். எங்களுக்கு முதலிடம். கீழே சேர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் நினைத்ததைவிட நல்ல பக்கம் ஒன்றை நான் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டேன். மீனவக் குடும்பங்களுக்கு இழந்த நாளை யார் கொடுப்பது என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. சொல்லப்போனால் நானும் கேட்கவில்லை. என் துணிவில் நானே மயங்கிப்போய் நின்றேன்.

வீட்டுக்கு வந்து பதவி விலகல் கடிதம் எழுதினேன். சேர் அதை வாசித்துவிட்டு, "விலகிறது உம்மட விருப்பம். ஆனால் தலைவி எண்டு போட்ட சான்றிதழ் அடுத்த மாதம்தான் கையொப்பமாகி வரும்" என்றார்.

நான் கடிதத்தைத் திருப்பி வாங்கினேன். சான்றிதழ் வந்தது. அதன் பிறகு விலகினேன். வேலைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனபோது அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக் கொடுத்தேன். மற்றவர்களைப் பற்றி இவ்வளவு எழுதியவள் இதையும் எழுதத்தான் வேண்டும்.

அந்த வேலை காரணமாக, போன வருடம் அதே கரைக்குப் போக நேர்ந்தது. வீடுகளின் விபரம் எடுக்கிற அலுவல். ஞாயிறென்றால் ஆட்களை வீட்டில் பிடிக்கலாம் என்று நினைத்து, பூசை நேரத்தை மறந்து, காலையிலேயே மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன். கோயில் பக்கமிருந்து பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கரையில் ஒரு மனிதர் மட்டும் வாடிக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரை போட்டு உட்கார்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார். என் தலைக்கவசத்தையும் தோளில் தொங்கிய பையையும் கண்டதும் ஊசியை வைத்துவிட்டு எழுந்தார்.

"எந்தக் கழகம் பிள்ளை?" என்று கேட்டார்.

கழகமில்லை, வேலை செய்கிற கந்தோரின் அலுவல் என்றேன். பூசைக்குப் போகவில்லையா என்று விசாரித்தேன். வருடா வருடம் ஏதாவது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பஸ்ஸில் வந்து இறங்குகிறார்களாம். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் வாரத்துக்கு ஒரு வீடாக முறைவைத்து, ஒருவர் பூசையை விட்டுவிட்டுச் சாமான்களுக்குக் காவல் இருக்கிறாராம். முந்தி ஆமிக்காரர் வந்தால் ஓடுகிற சனம், இப்போது சேவைக்காரர் வந்தால் ஓடிவருகிறது என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. என் பெயரையும் பழைய கதையையும் சொல்ல வாயெடுத்தேன். கைதட்டு வாங்கிய கதை அது, அவருக்கு அது என்னத்துக்கு என்று விட்டுவிட்டேன். விபரம் எடுக்கப் பூசை முடியும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் எனக்கு இருக்கக் கதிரை தரவில்லை. வலையைப் பொத்திக்கொண்டே, என் கைகள் எங்கே போகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார்.