குழல் வாயில் துரு

இன்று கடையில் நின்றது மூன்று பேர்: நான், என் மனுசன் இவர், துவக்குத் திருத்துகிற வெள்ளைக்காரர்.

இவர் கிளப்பில் குறிபார்த்துச் சுடுகிற லீவர் துவக்கு. கொஞ்ச நாளாக எல்லாச் சூடும் இடப்பக்கம் விலகுகிறது. வாரண்டி இருக்கென்று கொண்டுபோனோம்.

"எப்ப தொடங்கினது?" என்று வெள்ளைக்காரர் கேட்டார்.

சூட்டு அட்டைகளின் திகதியெல்லாம் என் கொப்பியில் எழுதி வைப்பேன். பார்த்தேன். சரஸ்வதி பூசைக்கு அடுத்த கிழமை. அதைச் சொன்னேன்.

"குழல் வாயில் துரு. தண்ணி பட்டிருந்தால் வாரண்டி இல்லை" என்றார் அவர்.

"ஒரு சொட்டும் படேல்லை" என்று சொல்லி இவர் வாரண்டிப் படிவத்தில் கையெழுத்தும் வைத்தார்.

பூசையில் குழல் வாய்க்குச் சந்தனம் வைத்தது நான். பிறகு ஈரத்துணியால் துடைத்ததும் நான்தான். அது இவருக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது இல்ஃபோர்ட் பஸ்ஸில், "அம்மாள் பாத்துக்கொள்ளுவா, யோசியாதையும்" என்றார்.

நாளைக்குத் துவக்கு கம்பனிக்குப் போகுது. நல்லகாலம், இவர் பேஸ்புக்கில் இல்லை. இதை இவருக்கு எப்படிச் சொல்லுறது? இவர் ஷிப்ட் முடிஞ்சு வர முன்னம் பதில் போடுங்கோ.